தோத்தா கோச்சுக்கு கல்தா... ஆள் எடுத்த மேனேஜருக்கு? அமெரிக்க கால்பந்து ஜி.எம்.களுக்கு மார்க் போடுவது எப்படி? ஒரு அலசல்

டெட்ராய்ட்: 16 ஆட்டம். 16 தோல்வி. ஒரு ஆட்டம் கூட ஜெயிக்கவில்லை. டிரா கூட இல்லை.

2008-ம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் லயன்ஸ் அணி படைத்த 'சாதனை' இது. 16 ஆட்டங்கள் கொண்ட சீசனில் அத்தனையிலும் மண்ணைக் கவ்விய முதல் அணி லயன்ஸ்தான். (2017-ல் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணி வந்து துணைக்கு சேர்ந்துகொண்டது.)

அதே லயன்ஸ் 2024 சீசனில் 17 ஆட்டங்களில் 15-ஐ ஜெயித்தது. அதே ஊர், அதே ஓனர் குடும்பம், அதே ஸ்டேடியம். மாறியது யார்? மைதானத்தில் இறங்காத, பந்தைத் தொடாத ஒரு ஆள். அவர் பெயர் ஜெனரல் மேனேஜர். சுருக்கமாக ஜி.எம்.

இந்த டெட்ராய்ட் கதைக்கும் நம்ம ஊருக்கும் ஒரு சின்ன சம்பந்தம் உண்டு. லயன்ஸ் அணியின் ஓனர், கார் கம்பெனி புகழ் போர்டு குடும்பம். மறைமலைநகரில் பேக்டரி நடத்தி, 2021-ல் 'இனி இந்தியாவில் கார் தயாரிக்க மாட்டோம்' என்று கையை விரித்து, 2022-ல் கடைசி காரை வெளியே விட்டதே, அதே போர்டு கம்பெனியை உருவாக்கிய குடும்பம். ஹென்றி போர்டின் பேரன் வில்லியம் கிளே போர்டு 1963-ல் வெறும் 45 லட்சம் டாலருக்கு இந்த அணியை பேரம் பேசி முடித்தார். இன்றைக்கு அதன் மதிப்பு பல நூறு கோடி டாலர்.

முதலாளி முடிவெடுத்தால் கீழே இருப்பவன் வாழ்க்கை எப்படி ஆட்டம் காணும் என்று செங்கல்பட்டு பக்கம் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சரி, முதலாளி நியமித்த மேனேஜர் நல்லவரா, சொதப்பல் பேர்வழியா என்று எப்படி கண்டுபிடிப்பது? அமெரிக்காவிலேயே இதற்கு விடை தெரியாமல் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

ஜி.எம். என்ன செய்வார்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். இது நாம் பார்க்கிற, காலால் உதைக்கிற கால்பந்து அல்ல. முட்டை வடிவ பந்தை கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதுகிற அமெரிக்க கால்பந்து. என்.எப்.எல். என்ற இந்த லீக்கில் 32 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் சீசனில் 53 வீரர்கள்.

ஆட்டத்தில் யாரை இறக்குவது, என்ன வியூகம் வகுப்பது எல்லாம் கோச் வேலை. அந்த 53 பேரை பிடித்துக்கொண்டு வந்து கோச் கையில் கொடுப்பது ஜி.எம். வேலை. பல அணிகளில் கோச்சை தேடிப்பிடிப்பதும் இவர்தான். அரிசி பருப்பு வாங்கிப் போடுபவர் இவர், சமைப்பவர் அவர். சாம்பார் கெட்டுப்போனால் யாரைத் திட்டுவது? இங்கேதான் முதல் குழப்பம்.

காசைக் கொட்டி எல்லா ஸ்டாரையும் வாங்கிப் போட முடியாது. 1994 முதல் சம்பள உச்சவரம்பு இருக்கிறது. ஒரு அணி வீரர்களுக்காக இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்று கோடு போட்டுவிடுவார்கள். 1994-ல் அது 3.46 கோடி டாலர். 2025-ல் 27.92 கோடி டாலர். நம்ம பணத்தில் சுமார் 2,400 கோடி ரூபாய். ஐ.பி.எல். ஏலத்தில் எல்லா அணிக்கும் ஒரே அளவு பர்ஸ் கொடுப்பது போலத்தான்.

புது வீரர்களை எடுக்க 'டிராப்ட்' என்று ஒரு முறை. கல்லூரி அணிகளில் ஆடிவிட்டு வரும் பையன்களை 32 அணிகளும் வரிசையாக 7 சுற்றுகளில் தேர்வு செய்யும். போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் சான்ஸ். சாம்பியனுக்கு கடைசி சான்ஸ்.

அதாவது, எல்லாருக்கும் ஒரே பணம், தோற்றவனுக்கு கூடுதல் சலுகை. இப்படி ஒரு லீக்கில் ஒரு அணி வருஷக்கணக்கில் தோற்றுக்கொண்டே இருந்தால், எங்கோ பெரிய கோளாறு என்றுதானே அர்த்தம்? அப்படி ஒரு கோளாறுதான் மேட் மில்லன்.

ஏழு வருஷ கூத்து

மில்லன் சாதாரண ஆள் இல்லை. வீரராக 4 சூப்பர் பவுல் கோப்பை ஜெயித்தவர். ஓய்வுக்குப் பிறகு டி.வி.யில் வர்ணனையாளராக கலக்கியவர். ஆனால் ஒரு அணியின் ஆபீசில் உட்கார்ந்து ஆள் எடுத்த அனுபவம் துளியும் கிடையாது. 2001-ல் வில்லியம் கிளே போர்டு அவரைக் கூப்பிட்டு மொத்த சாவியையும் கையில் கொடுத்தார்.

என்னாச்சு? முதல் சீசனில் 2 வெற்றி, 14 தோல்வி. அடுத்து 3 வெற்றி. அப்புறம் 5, 6, 5, 3, 7. 2008 செப்டம்பரில் அவர் வீட்டுக்குப் போகும்போது மொத்த கணக்கு 31 வெற்றி, 84 தோல்வி.

பந்தைப் பிடிக்கும் 'ரிசீவர்' வீரர்கள் மீது அவருக்கு அப்படி ஒரு காதல். 2003-ல் முதல் சுற்றில் சார்லஸ் ரோஜர்ஸ். 2004-ல் ராய் வில்லியம்ஸ். 2005-ல் மைக் வில்லியம்ஸ். தொடர்ந்து 3 வருஷம் முதல் சுற்றில் ஒரே வேலைக்கு ஆள். ஒரு வீட்டுக்கு மூணு பிரிட்ஜ் வாங்கிவிட்டு அடுப்பு வாங்க மறந்த கதை. இதில் இரண்டாவது ஆள் ஓரளவு தேறினார். மற்ற இரண்டு பேரும் சீக்கிரமே காணாமல் போனார்கள்.

சரி, புத்தி வந்திருக்கும் என்று பார்த்தால், 2007-ல் மறுபடியும் முதல் சுற்றில் ஒரு ரிசீவர்! ஊரே சிரித்தது. அந்தப் பையன் பெயர் கால்வின் ஜான்சன். பிற்காலத்தில் லீக்கையே மிரட்டிய ஜாம்பவான். 2021-ல் 'ஹால் ஆப் பேம்' கவுரவம் பெற்றார். ஊர் சிரித்த முடிவு ஒன்று சூப்பர் ஹிட். கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இது பின்னாடி தேவைப்படும்.

நடுவில் கோச்சுகள் மாறினார்கள். மார்னின்வெக் போனார், மரியூச்சி வந்தார். மரியூச்சி போனார், மரினெல்லி வந்தார். மேனேஜர் மட்டும் அசையவில்லை. அசையாதது மட்டுமா? 2005-ல் அவருக்கு 5 வருஷ பதவி நீட்டிப்பு வேறு!

ரசிகர்கள் பொறுத்துப் பார்த்தார்கள். 'மில்லனை தூக்கு' என்று பேனர் பிடித்தார்கள். கூடைப்பந்து ஆட்டத்துக்குப் போனாலும் அங்கேயும் அதே கோஷம். 2005 டிசம்பரில் ஸ்டேடியம் வாசலில் ஊர்வலமே நடத்தினார்கள். அன்றைய எதிரணியின் ஆரஞ்சு கலர் சட்டையைப் போட்டுக்கொண்டு சொந்த ஸ்டேடியத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். ஓனர் அசரவில்லை.

கடைசியில் 2008 செப்டம்பரில் ஓனரின் மகன் பில் போர்டு ஜூனியர் வாய் திறந்தார். ரசிகர்களுக்கு இதைவிட நல்லது கிடைக்க வேண்டும், தனக்கு அதிகாரம் இருந்தால் பெரிய மாற்றங்களைச் செய்திருப்பேன் என்ற ரீதியில் பேசினார். இரண்டே நாளில் மில்லன் அம்பேல். அதற்குள் சீசன் நாசம். அந்த அணிதான் 16-க்கு 16 தோற்றது.

ஏன் அசையவில்லை?

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. என்.எப்.எல்.லில் டி.வி. பணம் 32 அணிகளுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. 2021-ல் போட்ட டி.வி. ஒப்பந்தங்களின் மதிப்பு மட்டும் 11 வருஷத்துக்கு சுமார் 11 ஆயிரம் கோடி டாலர். சாம்பியனுக்கும் அதே பங்கு, கடைசி இடத்துக்கும் அதே பங்கு. கடைசி இடம் பிடித்தால் கீழ் டிவிஷனுக்கு தள்ளிவிடுவார்கள் என்ற பயமும் கிடையாது. ஐரோப்பாவில் அந்த பயம் உண்டு, இங்கே இல்லை.

ஆகவே தோற்றாலும் ஓனர் கல்லாவில் பெரிய ஓட்டை விழாது. டெட்ராய்ட் தொழிலாளி ஓவர்டைம் பார்த்து சேர்த்த காசில் டிக்கெட் வாங்கிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவான். அவனுக்குத்தான் நஷ்டம். பெரும்பாலான வீரர்களுக்கும் முழு சம்பளத்துக்கு உத்தரவாதம் கிடையாது, சரியாக ஆடாவிட்டால் நடு ஒப்பந்தத்திலேயே வெளியே அனுப்பிவிடலாம். அதே அலுவலகத்தில் மேனேஜருக்கு மட்டும் நீட்டிப்பு. மேனேஜரின் மார்க் ஷீட்டை எழுத வேண்டிய ஆளுக்கு அவசரமே இல்லை என்றால், அந்த மார்க் ஷீட்டுக்கு என்ன மரியாதை?

ஸ்டாபோர்ட் விற்பனை

இப்போது இன்னொரு மேனேஜரைப் பார்ப்போம். பிராட் ஹோம்ஸ். ராம்ஸ் அணியில் மக்கள் தொடர்பு பிரிவில் பயிற்சி ஊழியராக நுழைந்து, ஊர் ஊராக கல்லூரி வீரர்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் வேலைக்கு மாறி, அந்தப் பிரிவுக்கே தலைவரானவர். அடிமட்டத்தில் இருந்து வந்த ஆள். வில்லியம் கிளே போர்டின் மகள் ஷீலா போர்டு ஹாம்ப் 2020-ல் அணிப் பொறுப்பை ஏற்றார். 2021 ஜனவரியில் ஹோம்சைக் கொண்டுவந்தார்.

வந்த கையோடு ஹோம்ஸ் செய்த முதல் பெரிய காரியம், அணியின் ஒரே ஸ்டாரை விற்றது! மேத்யூ ஸ்டாபோர்ட். 16 தோல்விக்குப் பரிசாக கிடைத்த முதல் சான்சில் 2009-ல் எடுக்கப்பட்டவர். அணியின் மூளையான 'குவார்ட்டர்பேக்' இடத்தில் 12 வருஷம் ஆடியவர். அவரை ராம்ஸ் அணிக்கு கொடுத்துவிட்டு, பதிலுக்கு ராம்ஸ் வேண்டாம் என்று ஒதுக்கிய ஜாரெட் காப் என்ற குவார்ட்டர்பேக், 2022, 2023 முதல் சுற்று சான்ஸ்கள், 2021 மூன்றாம் சுற்று சான்ஸ் ஆகியவற்றை வாங்கினார்.

ஒரு வருஷம் கழித்து மார்க் போட்டிருந்தால் ஹோம்சுக்கு முட்டைதான். 2022 பிப்ரவரியில் ஸ்டாபோர்ட் ராம்சுக்கு சூப்பர் பவுல் ஜெயித்துக் கொடுத்தார். அந்த சீசனில் லயன்ஸ் ஜெயித்தது வெறும் 3.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 2022 சீசனில் சாம்பியன் ராம்ஸ் படுத்துவிட்டது. 5 வெற்றி, 12 தோல்வி. அதனால் ராம்ஸ் கொடுத்த 2023 முதல் சுற்று சான்ஸ், ஆறாவது இடமாக உயர்ந்தது. ஹோம்ஸ் அதை அப்படியே பயன்படுத்தவில்லை. அரிசோனா அணிக்கு அதைக் கொடுத்து, பதிலுக்கு 12-வது, 34-வது சான்ஸ்களை வாங்கினார். அதில் ஜாமிர் கிப்ஸ், சாம் லபோர்டா என்று இரண்டு பேரை எடுத்தார். '12-வது இடத்தில் ரன்னிங் பேக் எடுப்பவன் முட்டாள்' என்று நிபுணர்கள் கிழித்தார்கள். கிப்ஸ் இன்று லீக்கின் முன்னணி ஓட்டக்காரர்களில் ஒருவர். 2022 சான்சை இன்னொரு பேரத்தில் சேர்த்து ஜேம்சன் வில்லியம்ஸ் என்ற ரிசீவரை எடுத்தார்.

ஆக ஒரு ஆளைக் கொடுத்துவிட்டு ஒரு குவார்ட்டர்பேக், ஒரு ஓட்டக்காரர், இரண்டு பந்து பிடிப்பவர்கள். 2021 டிராப்டில் நான்காவது சுற்று வரை யாரும் சீண்டாமல் கிடந்த அமோன்-ரா செயின்ட் பிரவுனை எடுத்தது தனி போனஸ்.

2024 ஜனவரி 14. பிளே-ஆப் ஆட்டம். போர்டு பீல்டு ஸ்டேடியம். எதிரணி யார் தெரியுமா? ராம்ஸ். எதிரே ஸ்டாபோர்ட். 24-23 என்ற ஒரு புள்ளி வித்தியாசத்தில் லயன்ஸ் ஜெயித்தது. 32 வருஷத்தில் அவர்களுக்கு முதல் பிளே-ஆப் வெற்றி!

இப்போது சொல்லுங்கள். அந்த பேரத்தில் ஜெயித்தது யார்? ராம்சுக்கு கோப்பை கிடைத்தது. டெட்ராய்டுக்கு ஒரு அணியே கிடைத்தது. இரண்டு மேனேஜர்களுக்கும் பாஸ் மார்க் போடலாம் என்பதே நம்ம கட்சி. ஒருவன் லாபம் என்றால் இன்னொருவன் ஏமாளி என்று எல்லா பேரத்திலும் கணக்குப் போட முடியாது. வீடு கட்டுபவனுக்கு மணல் தேவை, லாரிக்காரனுக்கு காசு தேவை.

திறமையா? குருட்டு அதிர்ஷ்டமா?

சான் பிரான்சிஸ்கோ 49-ஏர்ஸ் அணி மேனேஜர் ஜான் லின்ச் விவகாரம் இன்னும் தமாஷ். 2021-ல் டிரே லான்ஸ் என்ற இளம் குவார்ட்டர்பேக்கை எடுப்பதற்காக 12-வது இடத்தில் இருந்து 3-வது இடத்துக்கு தாவினார். இதற்காக தன் அணியின் 3 முதல் சுற்று சான்ஸ்களை தாரை வார்த்தார். லான்ஸ் அந்த அணிக்காக ஆரம்பம் முதல் இறங்கிய ஆட்டங்கள் மொத்தம் 4. காயம் வேறு. 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் சுற்று சான்சுக்கு டல்லாஸ் அணிக்கு தள்ளிவிட்டார்கள்.

பெரிய அவமானம்தானே? ஆனால் அதே லின்ச் 2022 டிராப்டின் கடைசி ஆளாக, 262-வது இடத்தில், பிராக் பர்டி என்ற பையனை எடுத்தார். கடைசியாக வருபவனுக்கு அமெரிக்காவில் 'உதவாக்கரை' என்ற அர்த்தத்தில் கிண்டல் பட்டமே உண்டு. அந்த உதவாக்கரைதான் 2024 பிப்ரவரியில் அணியை சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார். கூடுதல் நேரத்தில் 25-22 என தோற்றார்கள்.

லின்ச் மேதையா, மண்டுவா? பர்டியின் அருமை அவருக்கு முன்பே தெரிந்திருந்தால் 262-வது இடம் வரை காத்திருப்பாரா? 2000-ம் ஆண்டு டாம் பிராடியை 199-வது இடத்தில் எடுத்த நியூ இங்கிலாந்து அணிக்கும் இதே கேள்விதான். ஆறாவது சுற்று வரை அவர்களே அவரைத் தாண்டித் தாண்டி வேறு ஆட்களை எடுத்தார்கள்!

இதை சும்மா வாய்ப்பேச்சாக சொல்லவில்லை. கேட் மாஸ்ஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு பேராசிரியர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். தேலர் 2017-ல் பொருளாதார நோபல் பரிசு வாங்கியவர். அவர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வு ஒரு கேள்வி கேட்டது. ஒரே வேலைக்கு ஆடும் இரண்டு பேரில், முதலில் தேர்வானவன் அடுத்து தேர்வானவனைவிட நன்றாக ஆடுவதற்கு எவ்வளவு வாய்ப்பு? விடை: சுமார் 52 சதவீதம். பூவா தலையா போட்டால் 50. வருஷம் முழுக்க நாடு சுற்றி, வீடியோ பார்த்து, பையனின் ஓட்டத்தை ஸ்டாப் வாட்ச்சில் அளந்து, கடைசியில் காசு சுண்டுவதைவிட 2 சதவீதம்தான் கூடுதல்!

அப்படியானால் 'இந்தப் பையன் எனக்குத்தான் தெரியும்' என்று காலரைத் தூக்கிவிடும் மேனேஜரை நம்பலாமா? கொஞ்சம் தள்ளி நின்றே பார்க்கணும். ஒரே ஆளுக்காக மூணு சான்சைக் கொடுப்பவனைவிட, ஒரு சான்சை மூணாக மாற்றுபவனுக்கு நாள்பட லாபம் அதிகம். லாட்டரி என்று தெரிந்துவிட்டால், நிறைய சீட்டு வைத்திருப்பவன் புத்திசாலி.

மீட்டர் வட்டி

அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நம்ம ஆளுங்களுக்கு சட்டென்று புரியும். அணிகள் இந்த வருஷ சான்ஸ் ஒன்றை வாங்க, அடுத்த வருஷத்தின் பெரிய சான்ஸைக் கொடுக்கின்றன. இந்தப் பண்டமாற்றை வட்டிக் கணக்கில் போட்டுப் பார்த்தால், வருஷத்துக்கு 100 சதவீதத்துக்கும் மேலே போகிறதாம். கந்து வட்டி, மீட்டர் வட்டி எல்லாம் பிச்சை வாங்க வேண்டும். ஏலச்சீட்டை முதல் மாசமே பெரிய தள்ளுபடியில் எடுப்பது மாதிரி.

படித்தவர்கள் ஏன் இப்படி செய்கிறார்கள்? காரணம் எளிது. அடுத்த வருஷம் தன் நாற்காலி இருக்குமா என்று மேனேஜருக்கே தெரியாது. கடனை அடைக்கப் போவது அடுத்து வருபவன். இன்றைக்கு ஜெயித்தால் தனக்கு மாலை. ஆகவே ஒரு மேனேஜரை எடை போடும்போது அணி எத்தனை ஆட்டம் ஜெயித்தது என்று மட்டும் பார்த்தால் போதாது. போகும்போது வீட்டில் என்ன விட்டுவிட்டுப் போனார், எவ்வளவு கடன் வைத்துவிட்டுப் போனார் என்றும் பார்க்கணும்.

கடன் என்றதும் டென்வர் அணி ஞாபகம் வருகிறது. 2022-ல் அதன் மேனேஜர் ஜார்ஜ் பேட்டன், ரசல் வில்சன் என்ற குவார்ட்டர்பேக்கை இரண்டு முதல் சுற்று, இரண்டு இரண்டாம் சுற்று சான்ஸ், கூடவே 3 வீரர்கள் என்று அள்ளிக் கொடுத்து வாங்கினார். மேலே 24.5 கோடி டாலருக்கு புது ஒப்பந்தம். இரண்டே சீசனில் கசந்தது. 2024 மார்ச்சில் வெளியே அனுப்பினார்கள். அனுப்பினாலும் விடுமா? 8.5 கோடி டாலர் அணியின் உச்சவரம்பு கணக்கில் ஏறியது. ஆள் வேறு அணியில், சுமை இங்கே. பைனான்சில் எடுத்த வண்டி ஓடாமல் நின்றுபோனாலும் டியூ கட்டுவது நிற்காதே, அது போல.

பேட்டன் வேலை போயிருக்க வேண்டும் என்று பலரும் நினைத்தார்கள். போகவில்லை. 2024 டிராப்டில் போ நிக்ஸ் என்ற புதுப் பையனை எடுத்தார். அந்த சீசனே 10 வெற்றியோடு பிளே-ஆப் போனார்கள். புதுப் பையனுக்கு சம்பளம் குறைவு என்பதால் கடனும் தாங்கியது. 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு புதுமுகங்களுக்கு முதல் 4 வருஷம் கட்டுப்படுத்தப்பட்ட சம்பளம்தான். அந்த 4 வருஷத்துக்குள் நல்ல குவார்ட்டர்பேக் கிடைத்துவிட்டால் மிச்சப்படும் பணத்தில் மற்ற இடங்களை நிரப்பலாம். கெட்டிக்கார மேனேஜருக்கு அந்த காலகட்டம் தங்கச் சுரங்கம்.

விதைத்தவன் ஒருவன், அறுத்தவன் ஒருவன்

கான்சாஸ் சிட்டி அணியின் பாட்ரிக் மஹோம்சைத் தெரியாத அமெரிக்கன் இல்லை. 2017 ஏப்ரலில் 27-வது இடத்தில் இருந்து 10-வது இடத்துக்குத் தாவி அவரை எடுத்தபோது மேனேஜர் ஜான் டோர்சி. இரண்டு மாசம் கூட ஆகவில்லை, ஜூனில் டோர்சிக்கு கல்தா. அவருக்குக் கீழே இருந்த பிரெட் வீச் நாற்காலியில் உட்கார்ந்தார். 2019, 2022, 2023 சீசன்களில் மூன்று சூப்பர் பவுல் கோப்பைகள். மஹோம்சை எடுக்கச் சொல்லி நச்சரித்தவர்களில் வீச்சும் ஒருவர் என்பதால் அவருக்கும் பங்கு உண்டுதான். ஆனாலும் கோப்பை மேடையில் டோர்சி இல்லை.

வெளியேறிய டோர்சி எங்கே போனார்? அந்த 16 தோல்வி கிளீவ்லேண்டுக்கு! அங்கே அவருக்கு முன்னால் இருந்த சாஷி பிரவுன், கையில் இருந்ததையெல்லாம் விற்று வருங்கால சான்ஸ்களை மூட்டை கட்டி வைத்திருந்தார். அணி தோற்றுக்கொண்டே இருந்ததால் 2017 டிசம்பரில் அவரைத் தூக்கினார்கள். மூட்டையைப் பிரித்துச் சாப்பிட்டது டோர்சி. 2018-ல் முதல் சான்சும் நாலாவது சான்சும் அவர் கையில். அந்த அணி பிளே-ஆப் ஜெயித்தது 2021 ஜனவரியில். அப்போது டோர்சியும் அங்கே இல்லை!

அதனால்தான் ஒரு மேனேஜருக்கு முதல் இரண்டு வருஷத்தில் மார்க் போடாதே என்கிறோம். முதலில் கிடைக்கும் வெற்றி தோல்வி பெரும்பாலும் முன்னவர் வைத்துவிட்டுப் போனது. டிராப்டில் எடுத்தவன் தேறினானா என்று தெரியவே மூணு, நாலு சீசன் ஆகும்.

பிலடெல்பியா அணியின் ஹோவி ரோஸ்மன் கதை இதற்கு சாட்சி. 2015-ல் கோச் சிப் கெல்லியிடம் அதிகாரத்தை இழந்து ஓரங்கட்டப்பட்டார். அடுத்த வருஷமே திரும்பி வந்தார். 2018 பிப்ரவரியில் கோப்பை. 2020 டிராப்டில் ஜஸ்டின் ஜெபர்சன் என்ற அபார ரிசீவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும், 21-வது இடத்தில் ஜேலன் ரீகரை எடுத்தார். அடுத்த சான்சிலேயே மினசோட்டா ஜெபர்சனை அள்ளிக்கொண்டது. ரீகர் புஸ்வாணம். ரசிகர்கள் இன்றுவரை மறக்கவில்லை. அதே டிராப்டின் இரண்டாம் சுற்றில், குவார்ட்டர்பேக் கையில் இருக்கும்போதே இன்னொரு குவார்ட்டர்பேக்காக ஜேலன் ஹர்ட்சை எடுத்தார். 'பைத்தியமா?' என்றார்கள். 2025 பிப்ரவரி சூப்பர் பவுலில் கான்சாஸ் சிட்டியை 40-22 என்று நொறுக்கிய ஆட்டத்தின் நாயகன் அந்த ஹர்ட்ஸ்.

ஒரே ஆள், ஒரே டிராப்ட். ஒரு முடிவு படு சொதப்பல், ஒரு முடிவு ஜாக்பாட். மில்லனும் கால்வின் ஜான்சனை எடுத்தவர்தான். ஒரு சம்பவத்தை வைத்து ரோஸ்மனைத் திட்டினால், அதே கணக்கில் மில்லனைப் பாராட்டணும். 31-க்கு 84 என்ற கணக்கும், மூணு பிரிட்ஜும், ஏழு வருஷமும் சேர்ந்துதான் மில்லனுக்கு தீர்ப்பு எழுதின. ரோஸ்மன் தவறு செய்தால் அடுத்த வருஷமே அதைச் சரி செய்ய ஆள் தேடுகிறார். ரீகர் சொதப்பியதும் 2021-ல் டெவான்டா ஸ்மித்தை எடுத்தார், 2022-ல் ஏ.ஜே.பிரவுனை பேரம் பேசி கொண்டுவந்தார். அதுதான் வித்தியாசம்.

முதலாளியே மேனேஜர் ஆனால்?

எல்லா அளவுகோலையும் உடைத்துப்போடும் ஒரு மனிதர் டல்லாஸில் இருக்கிறார். ஜெர்ரி ஜோன்ஸ். 1989-ல் சுமார் 14 கோடி டாலருக்கு டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியை வாங்கினார். ஓனரும் அவரே, ஜெனரல் மேனேஜரும் அவரே. 1992, 1993, 1995 சீசன்களில் மூன்று கோப்பை. அதன் பிறகு சூப்பர் பவுல் வாசல்படியைக் கூட மிதிக்கவில்லை. அரையிறுதிக்குச் சமமான ஆட்டத்துக்கே போகவில்லை.

ஆனால் உலகிலேயே விலை மதிப்பு அதிகமான விளையாட்டு அணி எது? அதே கவ்பாய்ஸ். மதிப்பு ஆயிரம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. வியாபாரி ஜோன்சுக்கு நூற்றுக்கு நூறு. மேனேஜர் ஜோன்சுக்கு? வேறு எந்த ஓனராக இருந்தாலும் இந்த மேனேஜரை பத்து தடவை மாற்றியிருப்பார். 2025 ஆகஸ்டில் அணியின் சிறந்த தற்காப்பு வீரர் மைக்கா பார்சன்சை, சம்பளத் தகராறு முற்றியதும் கிரீன் பே அணிக்கு அனுப்பிவிட்டார். பதிலுக்கு இரண்டு முதல் சுற்று சான்சும் ஒரு வீரரும். ரசிகர்கள் கொதித்தார்கள். யாரிடம் போய் முறையிடுவது? டெட்ராய்டுக்காரன் 'மில்லனை தூக்கு' என்று ஓனரைப் பார்த்துக் கத்தினான். டல்லாஸ்காரன் கத்த வேண்டிய ஓனரே மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

ஹோம்சுக்கு வந்த சோதனை

15 ஆட்டம் ஜெயித்த 2024 சீசனில் லயன்ஸ் கோப்பை வாங்கவில்லை. தற்காப்பில் முக்கிய தூணான எய்டன் ஹட்சின்சன் அக்டோபரிலேயே கால் உடைந்து போனார். வரிசையாக பலருக்கு காயம். பிளே-ஆப் முதல் ஆட்டத்திலேயே வாஷிங்டனிடம் 45-31 என்று வீழ்ந்தார்கள். தாக்குதலை வகுத்த பென் ஜான்சன் சிகாகோவுக்கும், தற்காப்பைப் பார்த்த ஆரோன் கிளென் நியூயார்க் ஜெட்சுக்கும் தலைமைக் கோச்சாகப் போய்விட்டார்கள். 2025 சீசனில் 9 வெற்றி, 8 தோல்வி. பிளே-ஆப் கூட இல்லை.

உடனே 'ஹோம்ஸ் காலியாகிவிட்டார்' என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. கால் உடைந்தது அவர் தவறா? உதவி கோச்சுகளுக்கு பதவி உயர்வு கிடைத்தது அவர் தவறா? இல்லை. ஆனால் ஒருவர் விழுந்தால் அந்த இடத்துக்கு இன்னொரு ஆள் தயாராக இருந்தாரா என்று கேட்டால், அதற்கு அவர்தான் பதில் சொல்லணும். காப் சம்பளம் 2024-ல் போட்ட ஒப்பந்தப்படி 4 வருஷத்துக்கு 21.2 கோடி டாலர். குறைந்த சம்பளத்தில் ஆடிய பையன்கள் எல்லாம் இப்போது பெரிய சம்பளக்காரர்கள். சல்லிசாக ஆள் பிடித்து அணி கட்டிய காலம் முடிந்துவிட்டது. இனி ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று அவர் கை நடுங்காமல் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.